ஆக்சிடென்ட் கேஸ் வக்கீல்: படிப்பு, வேலை, ஃபீஸ், இழப்பீட்டுக் கணக்கு

தொப்பூர் கணவாய் இறக்கத்தில் ஒரு லாரி பிரேக் பிடிக்காமல் வந்து முன்னால் போன நான்கு வண்டிகளை இடிக்கிறது. காயம்பட்டவர் வார்டுக்கு வந்து, சொந்தக்காரர்கள் அழுது ஓய்வதற்குள் யாரோ ஒருவர் விசிட்டிங் கார்டை நீட்டுகிறார்: "கேஸை நாங்க பாத்துக்கறோம், காசு வந்தா மட்டும் குடுங்க." அதே வீட்டுப் பையன் போனில் அமெரிக்க 'பர்சனல் இஞ்சுரி அட்டர்னி' வீடியோ பார்த்துவிட்டு, இங்கேயும் அப்படித்தான் கோடிகள் கிடைக்கும் என்று நம்புகிறான். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் தர்மபுரி, கிருஷ்ணகிரி குடும்பங்கள் மாட்டிக்கொள்கின்றன. விபத்து வழக்கு பார்க்கும் வக்கீல் யார், அவருடைய வேலை என்ன, அவர் எதைச் செய்யக்கூடாது, இழப்பீட்டுத் தொகை எப்படி வருகிறது என்பதை அடியிலிருந்து பார்ப்போம்.

அமெரிக்காவில் ஒன்று, இங்கே ஒன்று

அமெரிக்காவில் நான்கு வருடப் பட்டப்படிப்பு, அதற்குமேல் மூன்று வருடச் சட்டப்படிப்பு, பிறகு அந்தந்த மாநிலத்தின் பார் தேர்வு. இவற்றை முடித்தவர் காயத்துக்கான நஷ்டஈட்டு வழக்குகளை மட்டுமே எடுத்துத் தொழில் நடத்தலாம். ஜெயித்தால் தொகையில் மூன்றில் ஒரு பங்கு வரையோ அதற்கு மேலோ ஃபீஸாக வாங்குவது அங்கே சட்டப்படி சரி. 1977-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் வழக்கறிஞர்கள் விளம்பரம் செய்ய வழிவிட்டதால் நெடுஞ்சாலை ஓரத்திலேயே அவர்களுடைய விளம்பரப் பலகைகள் நிற்கும். விசாரணை வரை போகும் வழக்குகளில் தொகையைப் பெரும்பாலும் ஜூரி, அதாவது பொதுமக்களிலிருந்து எடுத்த குழு, முடிவு செய்கிறது. வலிக்கும் வேதனைக்கும் இவ்வளவுதான் என்ற வரையறை பல மாநிலங்களில் இல்லை.

நம் ஊரில் இதில் எதுவும் பொருந்தாது. ஜூரி கிடையாது, விளம்பரத்துக்கு அனுமதி கிடையாது, சதவீத ஃபீஸுக்குத் தடை இருக்கிறது. 'விபத்து வழக்கறிஞர்' என்று தனி உரிமமும் இல்லை. பார் கவுன்சிலில் பதிவு செய்த எவரும் இந்த வழக்கை நடத்தலாம். வழக்கு போகும் இடம் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம். மாவட்ட நீதிபதியோ சார்பு நீதிபதியோதான் தீர்ப்பாயமாக உட்கார்ந்து விசாரிப்பார். கோர்ட் வளாகத்தில் இந்த வழக்கை 'எம்.சி.ஓ.பி' (மோட்டார் விபத்து இழப்பீட்டு மூல மனு) என்பார்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர், அரூர் என்று எந்தக் கோர்ட்டுக்குப் போனாலும் அன்றைய பட்டியலில் இந்த நான்கு எழுத்துகளைப் பார்க்கலாம்.

எப்படி வக்கீல் ஆகிறார்கள்

1. படிப்பு: பிளஸ் டூ முடித்து ஐந்து வருடம், அல்லது ஒரு டிகிரி முடித்து மூன்று வருடம். முன்பு இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் சேலத்துக்கோ சென்னைக்கோ பெங்களூருக்கோதான் போக வேண்டும். 2017-ல் தர்மபுரியிலேயே அரசு சட்டக் கல்லூரி வந்த பிறகு, பென்னாகரத்திலிருந்தும் பாலக்கோட்டிலிருந்தும் பஸ்ஸில் வந்து படிக்க முடிகிறது.

2. பதிவு: தமிழ்நாடு மற்றும் புதுச்சேரி பார் கவுன்சிலில் பெயர் சேர்க்க வேண்டும். பதிவுக் கட்டணம் பொதுப் பிரிவினருக்கு 750 ரூபாய்க்கும், எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு 125 ரூபாய்க்கும் மேல் போகக்கூடாது என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதற்கு முன் பல மாநிலங்களில் பல்லாயிரம் ரூபாய் கேட்டார்கள். விவசாயக் கூலி வீட்டுப் பிள்ளைக்கு இந்தத் தீர்ப்பின் அருமை தெரியும்.

3. அகில இந்திய பார் தேர்வு: 2010-ல் கொண்டுவரப்பட்டது. இதில் தேறினால்தான் தொடர்ந்து தொழில் செய்ய முடியும்.

4. ஜூனியராக இருப்பது: உண்மையான படிப்பு இங்கேதான். மாதம் சென்னை, மதுரை, கோவையில் 20,000 ரூபாயும் மற்ற மாவட்டங்களில் 15,000 ரூபாயும் குறைந்தபட்ச உதவித்தொகையாகத் தர வேண்டும் என்று 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. மாவட்ட கோர்ட்டுகளில் அது முழுதாக நடைமுறைக்கு வந்தால்தான் முதல் தலைமுறை வக்கீல்கள் இத்தொழிலில் தாக்குப்பிடிப்பார்கள்.

விபத்து வழக்கு பார்க்க வேண்டுமென்றால் ஜூனியர் கற்க வேண்டியவை சட்டப் புத்தகத்துக்கு வெளியேதான் அதிகம். டிஸ்சார்ஜ் சம்மரியைப் படித்து, தொடை எலும்பு முறிவுக்கும் கீழ்க்கால் எலும்பு முறிவுக்கும் உள்ள வித்தியாசம் புரிய வேண்டும். மோட்டார் வாகன ஆய்வாளர் தரும் எம்.வி.ஐ ரிப்போர்ட்டில் எந்த மூலை நசுங்கியிருக்கிறது என்று பார்த்து, மோதல் எந்தப் பக்கத்திலிருந்து நடந்தது என்று கணிக்கத் தெரிய வேண்டும். விபத்து இடத்தைப் போலீஸ் வரையும் ரஃப் ஸ்கெட்ச்சில் சாலையின் அகலத்தையும் வண்டி கிடந்த இடத்தையும் அளந்து பார்க்க வேண்டும். இன்சூரன்ஸ் பாலிசியின் சின்ன எழுத்து வரிகளை விடக்கூடாது. கடைசியாக, கால்குலேட்டர் தவறக்கூடாது.

இத்தொழிலில் இரண்டு தரப்பு உண்டு. ஒருவர் மனுதாரர் பக்கம். மற்றவர் இன்சூரன்ஸ் கம்பெனியின் பேனல் வக்கீல். நேஷனல், நியூ இந்தியா, ஓரியண்டல், யுனைடெட் இந்தியா ஆகிய நான்கு அரசு கம்பெனிகளும் தனியார் கம்பெனிகளும் இப்படிப் பேனல் வைத்திருக்கின்றன. லைசென்ஸ் இருந்ததா, பெர்மிட் இருந்ததா, எஃப்.சி (வண்டியின் தகுதிச் சான்று) உயிரோடு இருந்ததா, பாலிசி அந்தத் தேதியில் நடப்பில் இருந்ததா, உண்மையிலேயே இந்த வண்டிதான் மோதியதா என்று தோண்டுவது அவர் வேலை. அவர் எதைத் தோண்டுவார் என்று முன்கூட்டியே தெரிந்தவர்தான் மனுதாரருக்கு நல்ல வக்கீல்.

வழக்கு தோற்கும் இடம்: மருத்துவமனையின் முதல் வரி

விபத்தில் அடிபட்டவரை அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனதும் டூட்டி டாக்டர் ஒரு பதிவேட்டில் எழுதுவார். யார் கொண்டுவந்தது, எத்தனை மணிக்கு, எப்படி அடிபட்டது என்று சொன்னார்கள், என்னென்ன காயம். இதுதான் விபத்துப் பதிவேடு. 'ஏ.ஆர் காப்பி' என்று எல்லோரும் கேட்பது இதன் நகலைத்தான்.

அந்த நேரத்தில் கூட வந்தவர் பதற்றத்தில், போலீஸ் கேஸ் ஆகிவிடுமோ என்ற பயத்தில், "பைக்கிலிருந்து விழுந்துட்டாரு டாக்டர்" என்று சொல்லிவிடுவார். டாக்டர் அதை அப்படியே 'தானாக விழுந்தார்' என்ற பொருள்பட எழுதுவார். மூன்று நாள் கழித்து உறவினர் போலீஸில் "டெம்போ மோதியது, நம்பர் இது" என்று புகார் தருவார். ஒன்றரை வருடம் கழித்துக் கூண்டில் நிற்கும்போது பேனல் வக்கீல் அந்த ஒரு வரியை எடுத்து நீட்டுவார். டெம்போ மோதியது உண்மையாகவே இருக்கலாம். ஆனாலும் முதல் ஆவணம் வேறு சொல்கிறது. வண்டியை மாற்றிப் போட்டுப் போலி வழக்கு நடத்தும் கும்பல்கள் நாட்டில் உண்டு என்பதால் தீர்ப்பாயமும் இதைச் சந்தேகத்தோடுதான் பார்க்கும்.

ஆகவே முதல் வாரத்தில் செய்ய வேண்டியவை இவை:

1. ஏ.ஆர் பதிவில் மோதிய வண்டி, இடம், நேரம் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். வண்டி நம்பர் தெரியாவிட்டால் 'அடையாளம் தெரியாத வண்டி' என்றே சொல்லுங்கள். ஊகித்து எதையும் சொல்லாதீர்கள்.

2. எஃப்.ஐ.ஆர் போடச் செய்யுங்கள். 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் கீழ்தான் வழக்கு பதிவாகிறது: கண்மூடித்தனமாக ஓட்டியதற்கு 281, காயத்துக்கு 125, மரணத்துக்கு 106(1). பழைய 279, 337, 338, 304ஏ இவற்றின் இடத்தில் வந்தவையே இவை. சில நாள் தாமதம் மட்டுமே வழக்கைக் கொன்றுவிடாது என்று உச்ச நீதிமன்றம் 2011-ல் சொல்லியிருக்கிறது. ஆனால் தாமதத்துக்கு நம்பும்படியான காரணம் வேண்டும்.

3. இடித்த வண்டியின் ஆர்.சி, இன்சூரன்ஸ் விவரம், டிரைவரின் லைசென்ஸ் எண் ஆகியவற்றை ஸ்டேஷனிலிருந்தோ போக்குவரத்துத் துறை இணையதளத்திலிருந்தோ எடுத்து வையுங்கள்.

4. ரத்தக்கறை படிந்த பில்லானாலும் தூக்கிப் போடாதீர்கள். மருந்துக் கடைச் சீட்டு, ஆம்புலன்ஸ் ரசீது, எக்ஸ்ரே ஃபிலிம், எல்லாமே சாட்சிதான்.

ஓசூர், சூளகிரி பக்கத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. தலையில் அடிபட்டவரை நேராக பெங்களூருக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். அதைத் தவறென்று சொல்ல முடியாது, உயிர்தான் முதலில். ஆனால் அந்த மருத்துவமனை கர்நாடகக் காவல் நிலையத்துக்குத் தகவல் சொல்லி, அது இங்குள்ள ஸ்டேஷனுக்கு வந்து சேர நாளாகும். சில ஆவணங்கள் கன்னடத்தில் இருக்கும், மொழிபெயர்க்க வேண்டும். சிகிச்சை செய்த டாக்டரை இங்கே சாட்சிக்கு வரவழைப்பது கடினம். எனவே உறவினர் ஒருவர் அன்றே இங்குள்ள ஸ்டேஷனுக்குப் போய் எழுத்தில் புகார் கொடுத்துவிட வேண்டும்.

சிகிச்சைச் செலவைப் பற்றியும் ஒரு வார்த்தை. தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். மத்திய அரசின் 2025 மே திட்டத்தில் ஏழு நாள் வரை, 1.5 லட்சம் ரூபாய் வரை பணமில்லாச் சிகிச்சை உண்டு. வக்கீலைத் தேடும் முன் மருத்துவமனையில் இவற்றைக் கேளுங்கள்.

யார் பணம் கட்டுவது?

இடித்த வண்டிக்கு மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் (அந்த வண்டியால் பாதிக்கப்படும் மற்றவருக்கானது) இருந்தால் கம்பெனி கட்டும் என்பது பொது விதி. அதற்குள் நம் மாவட்டங்களில் அடிக்கடி இடறும் இடங்கள் உள்ளன.

சரக்கு வண்டியில் ஆட்கள்: கட்டட வேலைக்கும் கோயில் திருவிழாவுக்கும் மினி லாரியிலோ டிராக்டர் டிரெய்லரிலோ ஆட்களை ஏற்றிப் போவது இங்கே தினசரிக் காட்சி. அது கவிழ்ந்தால், சரக்கு வண்டியில் சும்மா ஏறிப் போனவருக்கு இன்சூரன்ஸ் கம்பெனி பொறுப்பாகாது என்று 2002-லேயே உச்ச நீதிமன்றம் முடிவு சொல்லிவிட்டது. வண்டி ஓனர்தான் கட்ட வேண்டும், அவரிடம் சொத்து இல்லாவிட்டால் தீர்ப்பு வெறும் காகிதம். இருபது பேர் போன வண்டியில் இருபது குடும்பங்களும் இப்படி நிற்கின்றன என்பதுதான் இதன் கொடுமை.

ஆக்ட் பாலிசியில் பின்சீட்டுக்காரர்: பைக்குக்குக் குறைந்த பிரீமியத்தில் மூன்றாம் நபர் பாலிசி மட்டும் எடுத்திருந்தால், அந்த பைக்கின் பின்னால் உட்கார்ந்தவருக்கு அதே பாலிசியிலிருந்து எதுவும் வராது. எதிர் வண்டியின் தப்பு என்றால் எதிர் வண்டியின் கம்பெனியிடம் கேட்கலாம்.

லைசென்ஸ்: டிரைவருக்கு லைசென்ஸ் இல்லாவிட்டாலும் பல வழக்குகளில் 'முதலில் கம்பெனி கட்டட்டும், பிறகு ஓனரிடம் வசூலிக்கட்டும்' என்று உத்தரவு வரும். எல்.எம்.வி (இலகுரக வாகன) லைசென்ஸ் உள்ளவர் 7,500 கிலோ வரையுள்ள சரக்கு வண்டியை ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் ஐந்து நீதிபதிகள் அமர்வு உறுதி செய்ததால், கம்பெனிகள் வழக்கமாக எடுத்த ஓர் ஆட்சேபம் அடிபட்டுப் போனது.

ஓட்டியவரே தவறு செய்தால்: லாரி டிரைவர் தன் கவனக்குறைவால் கவிழ்ந்து இறந்தால், அவர் குடும்பம் மோட்டார் வாகனச் சட்டத்தின் 166-வது பிரிவில், அதாவது தப்பு செய்தவரிடம் இழப்பீடு கேட்கும் வழக்கமான வழியில், கேட்க முடியாது. ஆனால் வேலையில் இருந்தபோது நடந்தது என்பதால் தொழிலாளர் இழப்பீடாக ஓனரிடமும் கம்பெனியிடமும் கேட்கலாம். இந்த வழி தெரியாமலேயே பல குடும்பங்கள் விட்டுவிடுகின்றன. நாமக்கல், சங்ககிரி லாரிகளில் ஓடும் தர்மபுரிப் பையன்களின் வீடுகளில் இதை அவசியம் சொல்ல வேண்டும்.

பல வண்டிகள் மோதினால்: தொப்பூரில் நடப்பது பெரும்பாலும் இதுதான். இரண்டு பேர் தப்பும் சேர்ந்து மூன்றாமவருக்கு அடிபட்டால், முழுத்தொகையையும் இருவரில் யாரிடம் வேண்டுமானாலும் வசூலிக்கலாம் என்று 2015-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. 'பிரேக் ஃபெயிலியர், என் தப்பு இல்லை' என்று லாரி ஓனர் சொன்னால், வண்டியைச் சரியாகப் பராமரித்தேன் என்று நிரூபிக்கும் சுமை அவருக்கு. அங்கேதான் எம்.வி.ஐ ரிப்போர்ட்டின் பிரேக் பற்றிய பத்தி உயிராகிறது.

வண்டியே தெரியாவிட்டால்: தீர்ப்பாயம் தேவையில்லை. மோதிவிட்டு ஓடிய வழக்குக்கு மரணம் என்றால் 2 லட்சம், கொடுங்காயம் என்றால் 50,000 ரூபாய். வருவாய்த் துறை விசாரணை அதிகாரியிடம் மனு கொடுக்க வேண்டும், கலெக்டர் வழியாக ஒப்புதல் ஆகும்.

தொகை எப்படி வருகிறது

இதில் மர்மம் எதுவும் இல்லை. 2009-லும் 2017-லும் வந்த இரண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் கணக்கை ஏறக்குறைய வாய்ப்பாடாக்கிவிட்டன. ஓர் உதாரணம் போடுவோம். ராயக்கோட்டை மண்டியில் தக்காளி வியாபாரம் செய்யும் 32 வயதுக்காரர் இறந்துவிட்டார். மாத வருமானம் 15,000 என்று தீர்ப்பாயம் ஏற்கிறது. மனைவி, இரண்டு பிள்ளைகள், தாய் என நான்கு பேர் அவரை நம்பி இருக்கிறார்கள்.

1. எதிர்கால வருமான உயர்வு: சுயதொழில், 40 வயதுக்குக் கீழ் என்பதால் 40 சதவீதம் கூட்டு. 21,000 ஆகிறது. (நிரந்தர வேலை என்றால் 50 சதவீதம்.)

2. சொந்தச் செலவுக் கழிவு: நம்பி இருப்பவர் 4 முதல் 6 பேர் என்றால் நான்கில் ஒரு பங்கு கழிக்க வேண்டும். 15,750 மிச்சம். (2, 3 பேர் என்றால் மூன்றில் ஒரு பங்கு, திருமணமாகாதவர் என்றால் பாதி.)

3. வருடத்துக்கு: 15,750 × 12 = 1,89,000.

4. பெருக்கு எண் (வருடத் தொகையை எதனால் பெருக்குவது என்று வயதைப் பொறுத்து வைத்த எண்): 31 முதல் 35 வயதுக்கு 16. ஆகவே 30,24,000 ரூபாய்.

5. மரபுத் தலைப்புகள்: துணை இழப்பு (உறவை இழந்ததற்கானது) 40,000, சொத்து இழப்பு 15,000, ஈமச்சடங்கு 15,000 என்று 2017-ல் வைத்தார்கள், மூன்று வருடத்துக்கு ஒருமுறை 10 சதவீதம் ஏறும். துணை இழப்பு மனைவிக்கு மட்டுமல்ல, பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் உண்டு என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. இரண்டு முறை ஏறிய நிலையில் 48,400, 18,150, 18,150. நான்கு பேருக்கும் சேர்த்து 2,29,900.

மொத்தம் 32,53,900 ரூபாய். இதன்மேல் வட்டி. தமிழ்நாட்டில் பெரும்பாலும் வருடத்துக்கு 7.5 சதவீதம்.

இப்போது இதே கணக்கு எங்கெங்கே சரிகிறது என்று பாருங்கள்.

வருமானம்: மண்டி வியாபாரிக்குச் சம்பளச் சீட்டு இல்லை. எதுவும் காட்டாவிட்டால் தீர்ப்பாயம் தானாக ஒரு தொகையை வைக்கும். 2008-ல் நடந்த விபத்தில் அடிபட்ட ஒரு காய்கறி வியாபாரிக்கு ஆவணமே இல்லாமல் மாதம் 6,500 ரூபாய் ஏற்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2014-ல் சொன்ன தீர்ப்பைத்தான் பலரும் இன்றும் காட்டுகிறார்கள். ஆனால் மண்டியில் போட்ட பட்டியல்கள், கமிஷன் சீட்டு, கூட்டுறவு வங்கிக் கடன் பாஸ்புக், போனில் வந்த யு.பி.ஐ வரவுகள், மகளிர் குழுக் கணக்கு எல்லாம் சேர்த்தால் 15,000 கூட ஏறலாம். மாங்காய்க் குத்தகைக்காரர் என்றால் ஒரு சீசன் கணக்கைப் பன்னிரண்டு மாதத்துக்குப் பிரித்துக் காட்ட வேண்டும். வக்கீல் ஊருக்கு வந்து இவற்றைத் தேடினாரா என்பதுதான் அவர் உழைப்பின் அளவுகோல்.

வயது: கிராமத்தில் பலருடைய ஆதாரில் பிறந்த தேதி ஜனவரி 1 என்றே இருக்கும். யாரோ உத்தேசமாகப் போட்டது. 32 என்பது ஆதாரில் 36 என்று இருந்தால் பெருக்கு எண் 16-லிருந்து 15 ஆகி, 1,89,000 ரூபாய் போய்விடும். ஆதார் வயதுக்குச் சான்றல்ல, பள்ளி மாற்றுச் சான்றிதழையே எடுக்க வேண்டும் என்று 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் ஒரு விபத்து வழக்கிலேயே சொன்னது. பழைய பள்ளிக்கூடத்துக்கு ஒரு நடை போய் டி.சி நகல் வாங்குங்கள்.

உடன் தவறு: இறந்தவர் மேலும் 20 சதவீதம் தப்பு என்று முடிவானால் இந்தத் தொகையிலிருந்து 6,50,780 ரூபாய் கழியும். ஹெல்மெட், மூன்று பேர் பயணம், தவறான பக்கம் ஆகிய வாதங்கள் இதற்காகத்தான் வருகின்றன.

காயத்துக்கு: ஊனச் சதவீதம் என்ற கண்ணி

காய வழக்கில் உயிர் இருப்பதால் சொந்தச் செலவுக் கழிவு இல்லை. அதனால் சில சமயம் மரணத்தைவிட அதிகத் தொகை வரும். மேலே சொன்ன அதே மனிதர் இரண்டு காலும் செயலிழந்து இனி எந்த வேலையும் செய்ய முடியாது என்றால், 21,000 × 12 × 16 = 40,32,000. மருத்துவச் செலவு, பராமரிக்கும் ஆளுக்கான செலவு, வலி வேதனை எல்லாம் தனி.

ஆனால் பெரும்பாலான வழக்குகள் நடுவில் நிற்பவை. மெடிக்கல் போர்டு 'வலது காலில் 40 சதவீதம்' என்று தரும். அது ஓர் உறுப்புக்கான சதவீதம். முழு உடலுக்கு எவ்வளவு, அதைவிட முக்கியமாக அவர் பிழைப்புக்கு எவ்வளவு என்பது வேறு கேள்விகள். 2010-ல் உச்ச நீதிமன்றம் இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்கச் சொன்னது. எழுதுபவருக்குக் கால் ஊனம் வருமானத்தைப் பெரிதாகத் தொடாது. அதே ஊனம் கிரானைட் குவாரியில் கல் ஏற்றுபவரின் பிழைப்பையே முடித்துவிடும்.

இதைக் கேட்டு வாங்காவிட்டால், தமிழ்நாட்டுத் தீர்ப்பாயங்களில் வழக்கத்தில் உள்ள இன்னொரு முறை வந்து உட்கார்ந்துகொள்ளும்: ஒரு சதவீத ஊனத்துக்கு இவ்வளவு ரூபாய் என்று மொத்தமாகக் கொடுப்பது. 20 சதவீதத்துக்கு ஒன்றுக்கு 5,000 என்று வைத்தால் 1,00,000 ரூபாய். அதே 20 சதவீதத்தைப் பிழைப்பு இழப்பாக நிரூபித்துப் பெருக்கு எண்ணில் போட்டால் 8,06,400 ரூபாய். ஒரே காயம், ஒரே ஆள். ஏழு லட்சத்துக்கு மேல் வித்தியாசம், டாக்டரிடமும் மனுதாரரிடமும் கேட்கப்பட்ட நான்கைந்து கேள்விகளில் இருக்கிறது: குத்துக்கால் போட்டு உட்கார முடியுமா, மூட்டை தூக்க முடியுமா, எவ்வளவு நேரம் நிற்க முடியும், விபத்துக்கு முன் என்ன வேலை செய்தார், இப்போது என்ன செய்கிறார்.

எங்கே, எப்போது

விபத்து நடந்த இடம், மனுதாரர் குடியிருக்கும் அல்லது தொழில் செய்யும் இடம், எதிர்தரப்பு குடியிருக்கும் இடம், இவற்றில் எங்கும் மனு போடலாம். பெங்களூரில் கட்டட வேலை செய்து அங்கேயே குடியிருக்கும் அரூர்க்காரருக்கு இங்கே அடிபட்டால் அங்கேயும் போடலாம், இங்கேயும் போடலாம். ஒரே விபத்துக்கு இரண்டு இடத்திலும் போடுவது மட்டும் கூடாது.

காலக்கெடுதான் இப்போதைய பெரிய குழப்பம். பல வருடங்களாகக் கெடுவே இல்லை. 2019-ம் வருடத் திருத்தம் 2022 ஏப்ரல் 1-ல் நடைமுறைக்கு வந்தபோது, விபத்து நடந்த 6 மாதத்துக்குள் மனு போட வேண்டும் என்ற விதி மீண்டும் நுழைந்தது. இதை எதிர்த்த வழக்குகள் உச்ச நீதிமன்றத்தில் இருக்கின்றன. கெடு தாண்டியது என்ற ஒரே காரணத்துக்காக மனுக்களைத் தள்ளுபடி செய்ய வேண்டாம் என்று 2025 நவம்பரில் இடைக்கால உத்தரவும் வந்தது. இடைக்கால உத்தரவை நம்பித் தூங்கக்கூடாது. 6 மாதம் என்பதையே உங்கள் கெடுவாக வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு எச்சரிக்கை. தப்பு யாருடையது என்று பார்க்காமல் மரணத்துக்கு 5 லட்சம், கொடுங்காயத்துக்கு 2.5 லட்சம் தரும் 164-வது பிரிவும் அதே மோட்டார் வாகனச் சட்டத்தில் இருக்கிறது. கம்பெனி அதிகாரி அந்தத் தொகையோடு வந்து கையெழுத்து கேட்டால் யோசியுங்கள். அதை ஏற்றுக்கொண்டால் தீர்ப்பாயத்தில் போட்ட மனு காலாவதியாகிவிடும். மேலே பார்த்த 32 லட்சத்துக்குப் பதில் 5 லட்சம். தவறு முழுவதும் இறந்தவர் பக்கம் என்றால் மட்டும் அது நல்ல வழி.

ஃபீஸ்: சட்டம் சொல்வது

1. வழக்கின் முடிவைப் பொறுத்து ஃபீஸ் பேசுவதும், கிடைக்கும் தொகையில் பங்கு கேட்பதும் இந்திய பார் கவுன்சில் விதிகளின்படி தடை. 'ஜெயித்தால் 20 சதவீதம்' என்பது நம் ஊரில் வழக்கமாகவே ஆகிவிட்டது. வழக்கமாகிவிட்டதால் அது சட்டமாகிவிடாது.

2. தெலங்கானாவில் கணவரை விபத்தில் இழந்த ஒரு பெண்ணிடம், கிடைத்த இழப்பீட்டுக்கு ஏற்ப ஃபீஸ் கேட்டு வக்கீல் செக் வாங்கினார். செக் திரும்பியதும் அவர்மேலேயே வழக்கும் போட்டார். 2017-ல் உச்ச நீதிமன்றம் அந்த வழக்கை ரத்து செய்து, சதவீத ஃபீஸ் செல்லாது என்றது. உங்களிடம் யாராவது வெற்றுச் செக்கோ பாஸ்புக்கோ ஏ.டி.எம் கார்டோ கேட்டால் இந்தத் தீர்ப்பை நினைவில் வையுங்கள்.

3. ஆள் வைத்து வழக்கு பிடிப்பதும் தடை. வார்டில் கார்டு கொடுப்பவர் வக்கீல் அல்ல, புரோக்கர். அவருக்குப் போகும் கமிஷன் உங்கள் இழப்பீட்டிலிருந்துதான் போகிறது.

4. சரியான முறை: மொத்த ஃபீஸ் இவ்வளவு, அதில் இப்போது இவ்வளவு, பிறகு இவ்வளவு, டாக்டர் சாட்சி முதலிய செலவு தனி என்று எழுதி வாங்குங்கள். கையில் காசு இல்லாத குடும்பத்துக்குத் தவணையில் வாங்கும் வக்கீல்கள் இந்த இரண்டு மாவட்டங்களிலும் இருக்கிறார்கள்.

5. பெண்கள், எஸ்.சி., எஸ்.டி. பிரிவினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் ஒரு மனு எழுதிக் கொடுத்தால் போதும். கணவரை இழந்த பெண் யாராக இருந்தாலும் இதற்குத் தகுதி உள்ளவர்.

வக்காலத்தில் கையெழுத்துப் போடும் முன் வக்கீலின் பதிவு எண்ணைக் கேளுங்கள். மனு எண் விழுந்ததும் 16 இலக்க சி.என்.ஆர் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். இ-கோர்ட்ஸ் செயலியில் அதைப் போட்டால் அடுத்த வாய்தா என்றைக்கு, போன வாய்தாவில் என்ன நடந்தது என்று வீட்டிலிருந்தே பார்க்கலாம். "கேஸ் போய்க்கிட்டிருக்கு" என்ற பதிலை நம்பி வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டியதில்லை.

தீர்ப்புக்குப் பிறகு

லோக் அதாலத்தில் சமரசமாக முடித்தால் பணம் சீக்கிரம் வரும், மேல்முறையீடு கிடையாது. மேலே சொன்ன கணக்கை நீங்களே ஒருமுறை போட்டுப் பார்த்த பிறகே தொகைக்குத் தலையாட்டுங்கள். தீர்ப்பாகவே வந்தால், எதிர்த்து சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போக 90 நாள். தொகை குறைவு என்று மனுதாரரும் போகலாம், அதிகம் என்று கம்பெனியும் போகலாம்.

தொகையை இப்போது மனுதாரரின் வங்கிக் கணக்குக்கே நேரடியாக அனுப்பும் முறையை உச்ச நீதிமன்றம் 2025-ல் வலியுறுத்தியிருக்கிறது. ஆகவே கணக்கு மனைவியின் பெயரில், அவர் மட்டுமே இயக்கும்படி இருக்க வேண்டும். மைனர் பிள்ளைகளின் பங்கு தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் 18 வயது வரை வைப்பில் கிடக்கும். படிப்புக்கோ மருத்துவத்துக்கோ முன்னதாக வேண்டும் என்றால் தீர்ப்பாயத்தில் மனு போட்டு எடுக்கலாம்.

அரசுப் பேருந்து மோதிய வழக்கு மட்டும் கொஞ்சம் தனி. அங்கே இன்சூரன்ஸ் கம்பெனி பெரும்பாலும் இருக்காது, போக்குவரத்துக் கழகமே கட்ட வேண்டும். கட்டத் தாமதமானால் வக்கீல் நிறைவேற்று மனு போடுவார். அமீனா பஸ் ஸ்டாண்டுக்குப் போய், பயணிகளை இறக்கிவிட்டு, ஜப்தி நோட்டீஸை முன்கண்ணாடியில் ஒட்டி, பஸ்ஸை கோர்ட் வளாகத்துக்கு ஓட்டி வந்து நிறுத்துவார். அதன் பிறகு பல நேரம் சில நாளிலேயே காசோலை வரும்.